விதியும் பாவனையும்: ‘வார்க்ரை’ மேசையாட்டத்தில் ஆற்றுவாள் மறவர்

முன்னுரை

விளையாட்டுகளை வகைப்படுத்தி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ரொஜே கயுவா, 1958ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விதியையும் பாவனையையும் எதிரெதிர் முனைகளில் நிறுத்தினார். விதி இருக்கும் இடத்தில் பாவனைக்குத் தேவை இல்லை. பாவனை இருக்கும் இடத்தில் ‘போல’ என்னும் உணர்வே விதியின் பணியைச் செய்துவிடுகிறது என்பது அவர் கருத்து. சதுரங்கம் ஆடுபவர் எதையும் போலச் செய்வதில்லை, சதுரங்கத்தை உண்மையாகவே ஆடுகிறார். குதிரையாகத் தாவும் குழந்தைக்கோ விதி நூல் ஏதும் வேண்டுவதில்லை. இப்பாகுபாடு பல விளையாட்டுகளுக்கு நன்கு பொருந்துகிறது. எனினும், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளர்ந்த கற்பனைப் போர் மேசையாட்டங்களை இதனுள் அடக்க முயன்றால் இடர்ப்பாடு எழுகிறது. அவற்றின் விதி நூல்கள் அளவாலும் நுணுக்கத்தாலும் பெரியவை. அவ்விதிகள் முழுவதும் யாரோ ஒருவராக நடிப்பதற்கென்றே அமைந்தவை.

இவ்விடர்ப்பாட்டை ஒரு தனிச் சான்றின்வழி விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. ‘கேம்ஸ் வொர்க்‌ஷாப்’ நிறுவனத்தின் ‘வார்க்ரை’ என்னும் சிறுமோதல் ஆட்டத்தில் இடம்பெறும் ‘யிட்ரிலன் ரிவர்பிளேட்ஸ்’ என்னும் படைக்குழுவே அச்சான்று. இதனை ‘ஆற்றுவாள் மறவர்’ எனத் தமிழில் வழங்கலாம். இவர்களை ‘ஆறு’ ஆக்குவது யாது? பெட்டியில் அச்சிட்ட கதையா, சிற்றுருவங்களின் வடிவா, எண்களால் ஆன விதியா? மூன்றாவதே என்பதும், ஆகவே கயுவாவின் ‘இது அல்லது அது’ என்னும் பாகுபாடு இங்கே தளர்கிறது என்பதும் கட்டுரையின் துணிபு.

நீர் சேர்ந்த பெயர்

‘ஏல்ஃப்’ என்னும் எழுத்து வடிவம் 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ ஆட்டத்திலிருந்து இந்நிறுவனத்தின் நூல்களில் வழங்கி வருகிறது. அதற்கு முன், 1983ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வார்ஹாமர்’ ஆட்டத்தில், வழக்கமான ‘எல்ஃப்’ என்னும் சொல்லே இருந்தது. பொதுச்சொல்லைத் தனக்கே உரிய வணிகப் பெயராக்க நிறுவனம் விரும்பியதே மாற்றத்திற்குக் காரணம் என விளையாட்டாளர் பலர் கருதுவர். காரணம் எதுவாயினும், விளைவு சொல்லாய்வாளர்க்குச் சுவையானது. புதுமை தேடிய வடிவம் பழைய ஆங்கிலத்தின் ‘ஏல்ஃப்’ என்னும் சொல்லையே சென்று தொட்டுவிட்டது. ‘ஆல்ஃபிரட்’ என்னும் மன்னர் பெயரின் முன்னுறுப்பும் இச்சொல்லே.

நீரோடு இச்சொல் சேர்ந்த வரலாறும் பழையது. இலத்தீன் நூல்களைக் கற்ற ஆங்கிலத் துறவியர், கிரேக்க-உரோமத் தேவதைப் பெயர்களுக்குத் தம் மொழியில் பொருள் எழுத வேண்டியிருந்தது. மலைத்தேவதைக்கு ‘மலை’ என்னும் சொல்லையும், காட்டுத்தேவதைக்குக் ‘காடு’ என்னும் சொல்லையும் ‘எல்ஃபென்’ என்பதன் முன் ஒட்டித் தொகைச்சொற்களை ஆக்கினர். ஊற்றுக்கும் ஆற்றுக்கும் உரிய நயாடுகளைக் குறிக்கக் ‘கடல்’ என்னும் சொல்லை ஒட்டிய பொருள்விளக்கப் பட்டியலும் உண்டு. நன்னீர்த் தேவதையை உவர்நீருக்கு அனுப்பிவைத்த அந்த எழுத்தரைப் பொறுத்தருளலாம். அவருக்கு வேண்டியது நீர் மட்டுமே. 10ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில் காக்கப்பட்டுள்ள மருத்துவ நூலில் ‘நீர்’, ‘ஏல்ஃப்’, ‘நோய்’ என்னும் மூன்றும் சேர்ந்த நோய்ப்பெயர் வருகிறது. அதனை ‘நீரேல்ஃப் தந்த நோய்’ எனப் பிரிப்பதா, ‘நீர்மை மிக்க ஏல்ஃப்நோய்’ எனப் பிரிப்பதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. தொகைச்சொல்லைப் பிரிக்கும் இடத்தில் பொருள் மாறுவதைத் தமிழ் உரையாசிரியர் மரபில் பயின்றோர்க்கு விளக்கத் தேவையில்லை.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றைச் சுட்டுதல் தகும். வரையரமகளிர், நீரரமகளிர் என்னும் தமிழ் வழக்குகளும் இடப்பெயரை முன்னொட்டி ஆனவை. எனவே அவை ‘ஏல்ஃப்’ என்பதற்கு நேராகத் தோன்றலாம். ஆயினும் அவர்கள் பெண்பாலர். தத்தம் இடத்தை விட்டு நீங்காதவர். ஆட்டத்தின் ஏல்ஃபுகளோ இருபாலரும் கலந்த, நாடும் படையும் கொண்ட இனம். ஆகவே இக்கட்டுரை ‘ஏல்ஃப்’ என்னும் சொல்லை அவ்வாறே ஆள்கிறது.

படை நடத்தும் ஏல்ஃப் என்னும் உருவத்திற்குப் பெரிதும் காரணர், ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த ஜே.ஆர்.ஆர். டோல்கீன். 1954-55ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய பெருங்கதையில், ஆற்றுத்துறை ஒன்றில் எழும் வெள்ளம் கரிய குதிரைவீரரை அடித்துச் செல்கிறது. அவ்வாறு ஏல்ஃப் தலைவர் ஒருவரின் ஆணைக்கு உட்பட்டது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் போராட்ட விதிநூல் தன் கற்பனைப் பிற்சேர்க்கையில் எல்ஃபுகளுக்கு விதி வகுத்தது. அதுமுதல் இவ்வினம் மேசைக்களத்தை விட்டு நீங்கவில்லை.

கதை சொல்வது

ஆற்றுவாள் மறவர் ‘லூமினெத்’ என்னும் ஏல்ஃப் இனத்தின் ஒரு பிரிவினர். அவர்கள் வாழிடம் ஒளியுலகாகிய ‘ஹிஷ்’. அறிவுச் செருக்கால் தமக்குள் போரிட்டு அவர்கள் தம் உலகையே சிதைத்துக்கொண்டனர் என்றும், அதன்பின் மலை, காற்று, ஆறு முதலியவற்றின் இயல்பைப் பணிந்து கற்றுத் தம்மைப் புதுக்கிக்கொண்டனர் என்றும் ஆட்டநூல்கள் கதை கூறுகின்றன. மலையைப் பயின்றோர் அசையாது நிற்பர். காற்றைப் பயின்றோர் விரைந்து சுழல்வர். ஆற்றைப் பயின்றோர் யிட்ரிலன் மறவர். ‘பைர் அண்ட் ஃப்ளட்’ என்னும் பெட்டியில் இவர்கள், எரிநெருப்பில் உழலும் ஆவிகளாகிய ‘பைர்கீஸ்ட்ஸ்’ குழுவுக்கு எதிராக வைக்கப்பட்டனர். நெருப்பும் நீரும் என்னும் முரண் வாங்குவோர் கண்ணுக்கு எளிதில் புலப்படும்.

ஆயினும் பெட்டியைத் திறந்து ஆடத் தொடங்கியவுடன் ஒரு செய்தி தெளிவாகிறது. களத்தில் ஆறு இல்லை. வார்க்ரையின் இரண்டாம் பதிப்பு தொடங்கிய 2022ஆம் ஆண்டுப் பெட்டியில் வந்த களப்பொருள்கள் பெருமரங்களும் அவற்றின் மீதமைந்த மேடைகளும் நடைபாலங்களுமே. ஆற்று மறவர் மரத்தின்மேல் ஏறிப் போரிடுகின்றனர். ஆறு இருக்குமானால், அது அவர்கள் இயங்கும் முறையில்தான் இருக்க வேண்டும்.

ஆட்டத்தின் பொறியமைப்பு

வார்க்ரை 2019ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்தது. இருவர் ஆடும் ஆட்டம் இது. ஒவ்வொருவரும் 1000 புள்ளிக்குள் 3 முதல் 15 மறவர் வரை கொண்ட குழுவை அமைப்பர். ஒவ்வொரு மறவருக்கும் நகர்வெண், தாங்குதிறன், உயிர்ப்புள்ளி ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். படைக்கலத்துக்கு எட்டும் தொலைவு, தாக்குதல் எண்ணிக்கை, வலிமை, சேதம் ஆகியன தனியே தரப்படும்.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் ஆறு பகடைகளை உருட்டுவர். இணையின்றி நிற்கும் எண்கள் தனியெண்கள். அவை யாருக்கு மிகுதியோ அவருக்கே முந்துரிமை. இணைந்து வரும் இரட்டை, மும்மை, நான்மை ஆகியன சிறப்புத் திறன்களுக்குச் செலவாகும். சான்றாக, ஒருவர்க்கு 1, 3, 3, 4, 5, 6 விழுந்தால் தனியெண்கள் நான்கு, இரட்டை ஒன்று. எதிராளிக்கு 2, 2, 2, 5, 5, 6 விழுந்தால் தனியெண் ஒன்றே. ஆனால் மும்மை ஒன்றும் இரட்டை ஒன்றும் கைவசம் உள்ளன. முன்னவர் முந்துவார், பின்னவர் ஆற்றல் மிக்கவர். இவ்விரண்டையும் ஒரே பகடைகளிலிருந்து பிரித்துத் தருவதே இவ்வாட்டத்தின் மிக நேர்த்தியான பகுதி எனலாம். சுற்றுக்கு ஒன்றாகக் கிடைக்கும் விருப்பப் பகடையைத் தனியெண்ணாகச் சேர்க்கலாம், இரட்டையை மும்மையாக உயர்த்தலாம், அல்லது செலவிடாமல் அடுத்த சுற்றுக்குச் சேமிக்கலாம்.

பின் இருவரும் மாறி மாறி ஒவ்வொரு மறவரை இயக்குவர். ஒரு மறவருக்குச் செயல்கள் இரண்டு. அவை நகர்தல், தாக்குதல், விலகுதல், காத்திருத்தல் என்னும் நான்கிலிருந்து தேரப்படும். எதிரியின் 1 அங்குலத்துக்குள் நிற்பவர் இயல்பாக நகர இயலாது. விலகுதல் செயலைச் செய்து 3 அங்குலம் வரை சென்று, எல்லா எதிரிகளிடமிருந்தும் 1 அங்குலத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். இவ்விதி சிறியது. ஆற்றுவாள் மறவரின் ஆட்டம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

தாக்குதலில் தற்காப்புப் பகடை என ஒன்று இல்லை. தாக்குவோர் வலிமை எதிரியின் தாங்குதிறனினும் மிகுந்தால் 3 முதலும், சமமானால் 4 முதலும், குறைந்தால் 5 முதலும் விழும் எண்கள் படும். 6 விழுந்தால் அது உச்ச அடி, அதற்குச் சேதம் கூடுதல். தாக்குதல் எண் 4 ஆயின், வலிமை குறைந்தவர்க்குச் சராசரியாக 1.33 அடியும், சமமானவர்க்கு 2 அடியும், மிகுந்தவர்க்கு 2.67 அடியும் கிட்டும். தாங்குதிறனில் ஓர் எண் குறைந்தால் பெறும் அடி மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கூடும் என்பது இதனால் விளங்கும். கவசத்தினும் விரைவை நம்பும் குழு ஓரிடத்தில் நின்று அடிவாங்கினால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது.

விலகுதலின் கணக்கு

ஆற்றுவாள் மறவரை முதன்முதல் ஆடுவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, எதிரியை நெருங்கியவுடன் இரண்டு செயல்களையும் தாக்குதலுக்கே செலவிடுவது. தாக்குதல் கண்ணுக்குத் தெரியும் பயன். விலகுதல் இழப்புப் போலத் தோன்றும். ஆனால் ஒரு செயலைத் தாக்குதலுக்கும் மற்றொன்றை விலகுதலுக்கும் தந்தால், எதிரி தன் முறையில் ஒரு செயலை நெருங்குவதற்கே செலவிட வேண்டும். தாக்க அவரிடம் எஞ்சுவது ஒன்றே. இரு தரப்பும் தாக்குதல் ஒன்றை இழந்துள்ளன. மேலோட்டமாகப் பார்த்தால் இது சமமான பரிமாற்றம்.

இது யாருக்கு ஆதாயம் என்பது மறவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆற்றுவாள் குழுவில் எண்மர் எனக் கொள்வோம். ஒரு சுற்றில் அவர்களுக்கு 16 செயல்கள். எதிரே கனத்த கவசமணிந்த ஐவர் நின்றால் அவர்களுக்கு 10 செயல்களே. ஒவ்வொரு விலகலிலும் எதிரி தன் சுற்றின் 10 சதவீதத்தை இழக்கிறார். ஆற்றுத் தரப்பு இழப்பது 6.25 சதவீதம். விலகல் தொடரத் தொடர வேறுபாடு பெருகும். மாறாக, எதிரே பன்னிருவர் கொண்ட மலிவான கூட்டம் நின்றால் அவர்களுக்கு 24 செயல்கள் உண்டு. ஒரு விலகலால் அவர்கள் இழப்பது 4.17 சதவீதமே. அப்பொழுது விலகுதல் ஆற்றுக்கே இழப்பு. பாறை சிலவாக இருந்தால் நீர் சுற்றிச் செல்வதே முறை. மணல் நிறைந்திருந்தால் ஓரிடத்தில் அரித்து வழி திறப்பதே முறை. கதைநூல் இவ்வாறு கூறியிருக்கத் தேவையில்லை. கணக்கே இவ்வொழுக்கத்தை ஆடுவோர் கையில் திணித்துவிடுகிறது.

கயுவாவுக்கு எதிரான வாதத்தின் அச்சாணி இங்கே உள்ளது. லூமினெத் இனத்தின் கதையை ஒரு வரியும் படிக்காத, வெற்றி ஒன்றையே கருதும் விளையாட்டாளர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் செயல்களை எண்ணுவார், தொலைவை அளப்பார், சில ஆட்டங்கள் தோற்றபின் தம் மறவரை ஓரிடத்தில் நிறுத்தாது நெருங்கவும் விலகவும் செய்வார். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் ஆறு போல ஆடுகிறார். அவர் பாவனை ஏதும் செய்யவில்லை. விதியைப் பின்பற்றினார், அவ்வளவே. பாவனை விதிக்குள்ளேயே குடியிருந்தது.

முந்துரிமையும் மூன்று கிளைகளும்

விலகுதல் யாவருக்கும் உரிய பொதுவிதிதானே, அதனை ஆற்றுவாள் மறவரின் தனித்தன்மை என்பது எங்ஙனம் என வினவலாம். தக்க வினாவே. கனத்த, மெதுவான மறவரும் விலகலாம். ஆனால் விலகியபின் மீண்டும் வேண்டிய இடத்தை அடைவது அவருக்கு அரிது. அவர் தாங்குதிறனோ நின்று அடிவாங்குவதையே ஆதாயமாக்குகிறது. பொதுவிதி ஒன்றே, தனி எண்கள் அதன் பயன்பாட்டை வேறாக்குகின்றன.

பகடைத் திறன்களும் இவ்வாறே. இரட்டை ஒன்றைச் செலவிட்டு நகர்வெண்ணை 1 கூட்டும் பொதுத்திறன் உண்டு. தாக்குதல் எண்ணை 1 கூட்டுவதும் உண்டு. வலியோர் குழு பின்னதையே நாடும். ஆற்றுத் தரப்புக்கு முதற்சுற்றில் முன்னது அதிகம் பயன்படும். ஓர் அங்குலம் கூடியதால் எதிரிக்கு முன் மேடையை அடைந்த மறவர், பின்வரும் சுற்றுகளில் யார் எங்கே நிற்கலாம் என்பதையே முடிவு செய்கிறார். தலைவருக்குரிய மும்மைத் திறன் ஒன்று, அவர் இயங்கியவுடன் அருகிலுள்ள தோழர் ஒருவரையும் இயக்க இடம் தருகிறது. மாறி மாறி ஆடும் ஒழுங்கில் எதிரி இடைபுகும் முன் இரண்டு அலைகள் அடுத்தடுத்து வருவதற்கு ஒப்பானது இது. தலைவர் தாக்கி எதிரியின் உயிர்ப்புள்ளியைக் குறைத்து விலக, அவ்விடத்தில் தோழர் வந்து முடிப்பார். இதற்கு மேல், குழுவுக்கே உரிய தனித்திறன்களும் உள்ளன; அவையும் இரட்டை, மும்மை, நான்மை என்னும் இதே செலவு முறைக்கு உட்பட்டவை.

ஆகவே விருப்பப் பகடையை எதற்குச் செலவிடுவது என்பதே இக்குழுவை ஆடுவோர்க்கு ஒவ்வொரு சுற்றிலும் கடினமான முடிவு. மேலே காட்டிய 1, 3, 3, 4, 5, 6 என்னும் வீச்சில் அதனை மும்மையாக்கினால் இரட்டை அலை கிட்டும். முந்துரிமையும் ஏற்கெனவே கையில் உள்ளது. வீச்சு தலைகீழாக அமைந்தால், முந்துரிமையை எதிரிக்கு விட்டு அவரை முதலில் நகரச் செய்வதில் தவறில்லை. முதலில் நகர்பவர் தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறார். பின்னே வரும் நீருக்குப் பள்ளம் எங்கே என்பது தெரிந்துவிடுகிறது. மறவர் எண்ணிக்கை கூடிய தரப்பு சுற்றின் இறுதியில் எதிர்ப்பின்றித் தொடர்ந்து இயங்கும் வாய்ப்பையும் பெறுகிறது.

இனி, குழு அமைக்கும்பொழுதே மறவரைக் குத்துவாள், கேடயம், சுத்தியல் என்னும் மூன்று பிரிவுகளாக வகுக்க வேண்டும். எந்தப் பிரிவு எங்கிருந்து, எந்தச் சுற்றில் களம் புகும் என்பது பின்னரே சீட்டெடுத்துத் தெரியவரும். களப்பொருள், நுழைவிடம், வெற்றி நிலை, திருப்பம் ஆகிய நான்கும் சீட்டுகளால் முடிவாகின்றன. வலிய மறவர் அனைவரையும் ஒரே பிரிவில் திரட்டுவோர், அப்பிரிவு தாமதமாகத் தொலைமூலையில் வந்தால் ஆட்டத்தின் பாதியை இழப்பர். ஆற்றுத் தரப்பு ஒவ்வொரு பிரிவையும் தனித்து இயங்கவல்லதாக அமைத்தல் நன்று. பிரிந்து வந்து களத்தின் நடுவே சேர்வதற்குரிய விரைவு அவர்களிடம் உண்டு; மெதுவான குழுவுக்கு அவ்வாறு சேர்தல் இயலாது.

விதி கைவிடும் இடம்

இவ்வாதத்திற்கு வரம்பும் உண்டு. பதிப்பாளர் அவ்வப்போது புள்ளி விலைகளையும் திறன்களையும் திருத்துகின்றனர். மறவர் ஒருவரின் விலை சற்றுக் கூடினால் எண்மர் எழுவராகலாம். மேலே கண்ட விலகுதல் கணக்கு உடனே மாறும். கதை மாறாதிருக்க, ஆற்றின் இயல்பு மட்டும் சிறிது வற்றிவிடுகிறது. எண்ணில் குடியிருக்கும் பாவனைக்கு இந்நிலையாமை இயல்பு.

இதனினும் ஆழமான முரண் வெற்றி நிலையில் உள்ளது. வார்க்ரையின் பல ஆட்டங்கள் குறித்த சில சுற்றுகளில் முடிந்துவிடும். முடியும் பொழுதில் குறியிடங்களைக் கைக்கொண்டவரே வென்றவர். அதாவது, ஆட்டம் முழுவதும் நில்லாமையால் உயிர் பிழைத்த குழு இறுதிச் சுற்றில் ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும். முன்னே நின்றால் கனத்த எதிரியின் எஞ்சிய செயல்கள் அனைத்தும் அந்த மறவர் மேல் விழும். பின்னே நின்றால் இடம் கைக்கு வராது. தேர்ந்த விளையாட்டாளர் இங்கே காத்திருத்தல் செயலை நாடுவர். இரண்டில் ஒரு செயலை விட்டுக்கொடுத்து, அதே சுற்றில் பின்னர் ஒரே ஒரு செயலோடு இயங்குதல் அது. எதிரி தம் ஐவரையும் இயக்கி முடித்தபின், குறியிடத்திலிருந்து ஒரு நகர்வு தொலைவில் காத்திருந்த ஆற்றுவாள் மறவர் அவ்வொற்றைச் செயலால் அதன்மேல் வந்து நிற்பார். அவரைத் தாக்க எவரும் எஞ்சியிருக்கமாட்டார். சுற்று அத்துடன் முடியும்.